என் மகளுக்குச் சட்டத்தில் நான் யார்?

கேள்வி: நானும் என் இணையரும் 11 ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். இருவரும் பெண்கள். எங்களுக்கு 4 வயதில் ஒரு மகள். என் இணையர் பெற்ற பிள்ளை. பிறந்த நிமிடத்திலிருந்து நானும் சேர்ந்துதான் வளர்க்கிறேன். அவரை 'அம்மா' என்றும் என்னை 'மா' என்றும் கூப்பிடுவாள். நாங்கள் இருக்கும் நாட்டில் எங்கள் திருமணத்தைப் பதிய வழியில்லை. போன மாதம் அவளைப் பள்ளியில் சேர்த்தபோது, படிவத்தில் என் பெயருக்கு எதிரே 'உறவு' என்று கேட்டிருந்த கட்டத்தில் 'சித்தி' என்று எழுதிவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. வேறு நாட்டுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா? என் அண்ணன் எங்களை மனதார ஏற்றுக்கொண்டவர். அவரே, "அன்பா இருக்கீங்க, அது போதாதா? ஒரு காகிதத்துக்கு ஏன் இப்படி அலையறே?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

தூக்கம் வராத அந்த இரவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளை நடத்தி வரும் எனக்கு அந்த ஒரு வரியே போதும். பெற்ற தாய்க்குச் சமமாகப் பிள்ளையை வளர்ப்பவர், அந்தப் பிள்ளையின் படிவத்தில் தன் கையாலேயே தன்னை வேறு யாரோவாக எழுத வேண்டி வந்தது. அந்தப் படிவத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதில் நீங்கள் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் அண்ணனுக்கு. "அன்பு போதாதா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் தங்கள் திருமணம் தங்களுக்கு என்னென்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. உங்கள் அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் நேசிக்கத் திருமணப் பதிவு தேவைப்படவில்லைதான். அந்தப் பதிவு கட்டிப்போட்டது அவர்களை மட்டும் அல்ல, மற்ற எல்லோரையும். மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர், வங்கி மேலாளர், பள்ளி எழுத்தர், விசா அதிகாரி, அண்ணனின் கூடப்பிறந்தவர்கள் என்று இவர்களில் ஒருவரிடமும் அண்ணி தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. "நான் அவர் மனைவி" என்றால் முடிந்தது. நீங்களும் உங்கள் இணையரும் எத்தனை ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலும் அவை உங்கள் இருவரைத்தான் கட்டும். வெளியாள் "எனக்கென்ன" என்று சொல்லிவிடலாம். அண்ணனிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மடியில் ஒரு நீலக் கோப்பு, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். கூட வாழ்ந்த தோழி மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். வீடு தோழியின் பெயரில் இருந்தது. இரண்டே வாரத்தில் தோழியின் தம்பி வந்து பூட்டை மாற்றிவிட்டார். கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். மின்கட்டண ரசீதுகள், வண்டிக் கடன் கட்டிய சீட்டுகள், இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் என்று எல்லாவற்றையும் வருடவாரியாக அடுக்கியிருந்தார். அந்த வீட்டின் மேல் உரிமை கேட்க அதில் ஒன்றுகூட உதவாது. அதைச் சொன்னேன். தலையாட்டினார், ஏற்கெனவே தெரிந்தவர் போல. பிறகு கேட்டார்: "வீடு வேண்டாங்க. அவ மூக்குக் கண்ணாடி மேசை டிராயர்ல இருக்கு. அதை மட்டும் வாங்கித் தர முடியுமா?"

தம்பிக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அதற்கு மேல் போக எனக்கு ஒரு பிடியும் இல்லை. ஒரு பக்கத்தில் ஓர் உயில் இருந்திருந்தால் கண்ணாடி என்ன, வீட்டையே கேட்டிருக்கலாம். திருமணம் செய்துகொள்ளச் சட்டம் விட்டிருந்தால் அவர் என்னைத் தேடி வரவேண்டிய வேலையே இருந்திருக்காது. காகிதத்துக்கு ஏன் அலைகிறாய் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசை டிராயர்தான் ஞாபகம் வருகிறது.

சரி, திருமணம் செய்து, அதை உங்கள் நாடு ஏற்காவிட்டால்? அமெரிக்காவில் எடித் விண்ட்சருக்கு அதுதான் நடந்தது. அவரும் தியா ஸ்பையரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 2007-இல் கனடாவின் டொராண்டோவுக்குப் போய் முறைப்படி மணந்துகொண்டார்கள். 2009-இல் ஸ்பையர் இறந்தார். கணவனின் சொத்து மனைவிக்கு வந்தால் அங்கே மத்திய அரசின் சொத்து வரி கிடையாது. ஆனால் இவர்களின் திருமணத்தை மத்திய அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விண்ட்சருக்கு வந்த வரி 3,63,053 டாலர். இறந்தவர் 'தியா' என்றில்லாமல் 'தியோ' என்ற ஆணாக இருந்திருந்தால் ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியிருந்திருக்காது. 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

சொத்தை விடுங்கள், உயிர் போகிற நேரத்தைப் பாருங்கள். 2007-இல் ஜேனிஸ் லாங்பென், லிசா பாண்ட் என்ற இரு பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு கப்பல் பயணம் புறப்பட மயாமிக்கு வந்திருந்தார்கள். லிசா மூளை நரம்பு வெடித்து விழுந்தார். ஜேனிஸும் பிள்ளைகளும் மணிக்கணக்கில் காத்திருப்பு அறையிலேயே நிறுத்தப்பட்டார்கள். மருத்துவ முடிவுகளை எடுக்க லிசா எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் ஜேனிஸிடம் இருந்தது. அதை ஃபேக்ஸில் வரவழைத்துக் கொடுத்த பிறகும் இந்த நிலைமை. லிசா பிழைக்கவில்லை. ஜேனிஸ் வழக்குப் போட்டார், தள்ளுபடியானது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துத்தான் 2010 ஏப்ரலில் ஜனாதிபதி ஒபாமா, நோயாளி யாரைப் பார்க்க விரும்புகிறாரோ அவரை உள்ளே விட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு விதி கொண்டுவரச் சொன்னார். கையில் சரியான பத்திரம் இருந்தும் கதவு திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும், நம்ப வேண்டும், மேலதிகாரியைக் கேட்க வேண்டும். 'மனைவி' என்ற சொல்லை யாரும் அப்படிச் சரிபார்ப்பதில்லை.

இதையெல்லாம் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. உங்களுக்கு எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரித்துக் காட்டத்தான். உங்கள் கடிதத்தில் அவசரமானது திருமணம் அல்ல, மகள்.

ஏனென்றால் சொத்துக்கு உயில் எழுதலாம், மருத்துவமனைக்குப் பத்திரம் எழுதலாம். ஆனால் "இவள் எனக்கும் மகள்" என்று நீங்கள் இருவரும் சேர்ந்து பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பெற்றோர் யார் என்பதைச் சட்டமோ நீதிமன்றமோதான் சொல்ல முடியும். இன்று உங்கள் இணையருக்கு ஏதாவது ஆனால், அவருடைய பெற்றோரோ கூடப்பிறந்தவர்களோ வந்து பிள்ளையைக் கேட்டால், "நான்தான் வளர்த்தேன்" என்பதைத் தவிர உங்கள் கையில் ஒன்றும் இல்லை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் வழக்கறிஞராக எழுதாமல் இருக்க முடியாது: நீங்கள் இருவரும் பிரிந்தாலும் இதே நிலைதான். மணமான தம்பதி பிரிந்தால் குழந்தை யாரிடம், எந்த நாளில் யார் பார்க்கலாம் என்று நீதிமன்றம் உட்கார்ந்து பேசும். உங்கள் விஷயத்தில் உங்களை வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். மண உரிமை கேட்பவர்கள் மணவிலக்கு உரிமையையும் சேர்த்தேதான் கேட்கிறார்கள். பிரியும்போதும் குழந்தைக்கு ஒரு நியாயம் கிடைக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்கா முழுவதும் திருமண சமத்துவத்தைக் கொண்டுவந்தது 2015 ஜூன் 26-இன் ஓபர்கெஃபெல் தீர்ப்பு. அதில் சேர்ந்திருந்த வழக்குகளில் ஒன்று உங்கள் வீட்டுக் கதையை நினைவூட்டும். மிச்சிகன் மாநிலத்தில் ஏப்ரல் டிபோயர், ஜெய்ன் ரௌஸ் என்ற இருவர். இருவரும் செவிலியர்கள். அங்கே தனி ஆள் தத்தெடுக்கலாம், மணமான தம்பதி தத்தெடுக்கலாம், இவர்களைப் போன்றவர்கள் சேர்ந்து தத்தெடுக்க முடியாது. அதனால் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்குச் சட்டப்படி இவர் மட்டும் தாய், மற்றவர்களுக்கு அவர் மட்டும் தாய். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனது கல்யாணத்துக்காக அல்ல, பிள்ளைகளுக்காக. நீதிபதிதான், உங்களுக்கு உண்மையான தடை திருமணத் தடைதான், அதையே எதிர்த்து வழக்கை மாற்றிப் போடலாமே என்று வழி காட்டினார்.

அப்படியானால் திருமணம் வந்தால் பிள்ளை விஷயம் தானாகச் சரியாகிவிடுமா என்றால், எல்லா இடத்திலும் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வெளிநாட்டுத் திட்டத்துக்கு இது முக்கியம். ஜெர்மனியில் 2017 அக்டோபரிலிருந்து இரு பெண்கள் மணந்துகொள்ளலாம். ஆனால் ஒருவர் பிள்ளை பெற்றால் மற்றவர் தானாகத் தாயாவதில்லை, தத்தெடுப்பு வழியாகத்தான் போக வேண்டும். தைவான் 2019 மே 24 அன்று ஆசியாவில் முதல் நாடாகத் திருமணத்தைத் திறந்துவிட்டது. ஆனாலும் இணையரின் சொந்தப் பிள்ளையை மட்டும்தான் தத்தெடுக்க முடிந்தது. இருவருக்கும் ரத்த உறவில்லாத குழந்தையைச் சேர்ந்து தத்தெடுக்க 2023 வரை காத்திருந்தார்கள். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் திருமணச் சட்டத்தில் 'கணவன், மனைவி' போய் 'துணைவர்' என்று வந்துவிட்டது, பெற்றோர் பற்றிய பிரிவுகளில் மட்டும் 'தந்தை, தாய்' அப்படியே நிற்கிறது. திருமணத்துக்குப் பதிலாக ஏதோ ஒன்று தருகிறோம் என்ற இடங்களில் இன்னும் மோசம். இத்தாலி 2016-இல் ஒருபாலினத்தவருக்குக் குடிமை இணைப்பு என்று தந்தது. அந்தச் சட்டம் நிறைவேற வேண்டும் என்பதற்காக இணையரின் பிள்ளையைத் தத்தெடுக்கும் பிரிவைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். 2023-இல் பதுவா நகரில் அரசு வழக்கறிஞர், இரண்டு தாய்மார் பெயரோடு பதிவான 33 பிறப்புச் சான்றிதழ்களைத் திருத்தச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனார். பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகளின் சான்றிதழிலிருந்து ஒரு தாயை அழிப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2025 மே மாதம்தான் இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம், வெளிநாட்டில் முறையான சிகிச்சை பெற்றுக் கருவுற்று இத்தாலியில் பிறந்த பிள்ளைக்கு, பெறாத தாயையும் தாயாக ஏற்க வேண்டும் என்று சொன்னது.

முழுச் சமத்துவம் தவிர வேறெதையும் நான் பாதி வெற்றி என்று கொண்டாட மறுப்பதற்கு இதுதான் காரணம். விட்டுப்போகிற பாதி எப்போதும் பிள்ளைகள் பக்கமாகவே விட்டுப்போகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைப் பேசலாம். உங்கள் நாட்டில் இணையரின் பிள்ளையைத் தத்தெடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருமணம் இல்லாமலேயே இதை அனுமதிக்கும் இடங்கள் உண்டு. கிடைத்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் இரண்டு தாய்மார் பெயர் இருக்கும் நாட்டில்கூட நான் தத்தெடுப்பு ஆணை வாங்கச் சொல்வேன். சான்றிதழ் என்பது அலுவலகப் பதிவு, அடுத்த நாடு அதை ஏற்காமல் போகலாம். நீதிமன்ற ஆணை எல்லை தாண்டினாலும் கொஞ்சம் கெட்டியாக நிற்கும். அமெரிக்காவிலேயே ஒரு வழக்கு உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண் தன் இணையரின் மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்திருந்தார். பிரிந்த பிறகு, அவர்கள் குடியிருந்த அலபாமா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தத்தெடுப்பு செல்லாது என்றது. 2016 மார்ச் 7 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம், ஜார்ஜியா நீதிமன்றத்தின் ஆணையை அலபாமா மதித்தே ஆக வேண்டும் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆணை இருந்ததால்தான் அவர் பிள்ளைகளை இழக்காமல் தப்பினார்.

தத்தெடுக்க வழியே இல்லாத நாடு என்றால் அடுத்த நிலை, பாதுகாவலர். உங்கள் இணையர் உயிரோடும் நல்ல நினைவோடும் இருக்கும்போதே ஓர் உயிலில், தனக்குப் பின் மகளுக்குப் பாதுகாவலர் நீங்கள்தான் என்று பெயரிட்டு எழுத வேண்டும். வெறுமனே பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஏன் நீங்கள், குழந்தை பிறந்ததிலிருந்து நீங்கள் என்ன செய்து வருகிறீர்கள், தன் உறவினர்களில் ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று அவர் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுத வேண்டும். பின்னால் ஒரு நீதிபதி படிக்கப்போவது அந்த நாலு வரியைத்தான். நீதிமன்றங்கள் எல்லா இடத்திலும் கடைசியில் கேட்பது குழந்தையின் நலன் எதில் என்ற கேள்வி. அதற்குப் பதில் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டச் சான்று வேண்டும். தடுப்பூசி அட்டையில் யார் கையெழுத்து, மருத்துவரிடம் யார் கூட்டிப் போனது, பள்ளிக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, இணையர் ஊரில் இல்லாதபோது சிகிச்சைக்குச் சம்மதம் தரவும், பயணம் கூட்டிப் போகவும் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து அவர் ஒரு கடிதம் எழுதி, சான்றளித்துத் தரட்டும். சின்ன வேலை. நள்ளிரவில் காய்ச்சலோடு ஓடும்போது அது பெரிய வேலையாகத் தெரியும்.

உங்கள் இருவருக்குமான பத்திரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒருவர் மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரம்; ஜேனிஸுக்கு நடந்ததை நினைத்து, ஒரு நகலைக் கைப்பேசியில் வையுங்கள், வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் கோப்பில் முன்கூட்டியே ஒன்றைச் சேர்த்து வையுங்கள். உயில், சாட்சியாக வருபவருக்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ கட்டாயப் பங்கு உண்டு என்று சொல்லும் நாடுகள் இருக்கின்றன, அங்கே உயிலில் எல்லாவற்றையும் விருப்பப்படி எழுத முடியாது. வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் வாங்குங்கள். நாமினி போட்டுவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டும்தான், உரிமையாளர் அல்ல. உயில்தான் உரிமையைத் தரும்.

நீங்கள் எந்த நாடு என்று எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் இருக்கும், புரிகிறது. இந்தியா என்றால் நிலைமை இது. 2018 செப்டம்பர் 6-க்குப் பிறகு உங்கள் உறவு குற்றம் அல்ல. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள். திருமணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுக்கலாமா என்பதில் 3-2 என்று பிரிந்து, கூடாது என்ற பக்கம் வென்றது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாகிவிட்டன. ஆனால் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. பாதுகாவலர் நியமனம் கேட்டு குழந்தையின் உறவினர் மட்டும் அல்ல, நண்பரும் மனுப் போடலாம். 'நண்பர்' என்ற சொல் உங்களுக்கு வலிக்கும், தெரியும். இருந்தாலும் வாசல் வாசல்தான். கூட்டு வங்கிக் கணக்கும் அதில் இணையரை நாமினியாகப் போடுவதும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2021-இல் சுஷ்மா வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் தானே போய்க் கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், குடும்பம் ஆவதற்குத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் சட்டம் ஏற்ற கருத்தே என்றார்கள். வீட்டார் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த வழக்கில் வந்த வார்த்தைகள் அவை. உங்கள் பாதுகாவலர் மனுவில் உங்கள் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்ட மறக்கக் கூடாது.

உறவே இன்னும் குற்றமாக இருக்கும் நாடு என்றால், மலேசியா, இலங்கை போல, நான் மேலே சொன்ன எதையும் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்காமல் எழுதிவிடாதீர்கள். காக்க வேண்டிய பத்திரமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடக் கூடும். அங்கே 'இணையர்' என்ற சொல்லைத் தொடாமலேயே உயிலும் அதிகாரப் பத்திரமும் எழுத முடியும்.

இனி வெளிநாட்டுத் திருமணம். ஏறக்குறைய 38 நாடுகளில் இன்று இது சட்டம். 2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்தில் தொடங்கியது. கனடா, டென்மார்க் போன்ற இடங்களில் அங்கே குடியிருக்காதவர்களும் மணந்துகொள்ளலாம். ஓரிடத்தில் முறைப்படி நடந்த திருமணத்தை மற்ற நாடுகள் ஏற்பது பொதுவான வழக்கம்தான். ஆனால் "இது எங்கள் பொதுக்கொள்கைக்கு ஒத்துவராது" என்று சொல்லி மறுக்கும் உரிமையையும் நாடுகள் கையில் வைத்திருக்கின்றன. எனவே நீங்கள் திரும்பி வந்து அதே நாட்டில் வாழப்போகிறீர்கள் என்றால், அந்தச் சான்றிதழால் பள்ளிப் படிவத்தில் ஒரு கட்டம்கூட மாறாது. குடிபெயரப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. துணைவர் விசா, காப்பீடு, ஓய்வூதியம் என்று பல கதவுகளுக்கு அது சாவி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018-இல் கோமன் வழக்கில், ருமேனியா ஒருபாலினத் திருமணத்தை நடத்திவைக்காவிட்டாலும் பெல்ஜியத்தில் மணந்த தன் நாட்டு ஆணின் கணவருக்கு வசிக்கும் உரிமையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பலர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மணப்பதற்கு இரண்டு நாள் போதும், மணவிலக்குக்கு அந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. ஊரில் திருமணமே இல்லை என்பதால் ஊரிலும் விலக்கு கிடைக்காது. இப்படிக் கனடாவில் மணந்துவிட்டு நடுவில் நின்றவர்களுக்காகவே 2013-இல் அந்த நாடு தனிச் சட்டம் கொண்டுவந்து, சொந்த ஊரில் விலக்குப் பெற முடியாதவர்கள் திருமணம் நடந்த மாகாணத்திலேயே கேட்கலாம் என்றது.

திருமணத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 11 ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகு, ஏதோ ஓர் ஊரில் ஓர் அதிகாரி உங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இனி நீங்கள் துணைவர்கள் என்று சொல்லக் கேட்பது எத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். போய் வாருங்கள். பத்திரங்களை எல்லாம் முடித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக அந்தப் பள்ளிப் படிவம். 'சித்தி' என்று எழுதியதை அப்படியே விடாதீர்கள். நாளை பாதுகாவலர் கேட்டு நீங்கள் நீதிமன்றத்தில் நிற்கும்போது, எதிர்த் தரப்பு முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தப் படிவத்தைத்தான். "இவரே தன்னைச் சித்தி என்றுதானே எழுதியிருக்கிறார்?" என்பார்கள், கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். அதற்காகத் 'தாய்' என்று எழுதச் சொல்லவில்லை. சட்டம் ஏற்காத ஒன்றை எழுதினால் அதையும் பொய் என்பார்கள். இந்த வாரமே இணையரும் நீங்களும் சேர்ந்து போய், திருத்தப் படிவம் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் 'குழந்தையுடன் வசிக்கும் பாதுகாவலர், தாயின் அனுமதியுடன்' என்று எழுதி, அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலைப் பின்னால் இணையுங்கள். பள்ளி முத்திரையோடு ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வாருங்கள்.